கனடாவிலிருந்து வரும் கடிதங்களும் ஜிமெயிலின் வடிகட்டியும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஒரு கிராமத்தின் கமக்கார அமைப்புக்கு நான் செயலாளர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று தீர்மானிக்கும் கூட்டத்தின் அறிவித்தல் முதல் விதைநெல் உதவி, பயிர்க் காப்புறுதி, உர விநியோகம் வரை அமைப்புக்கான கடிதங்கள் பெரும்பாலும் என்னுடைய ஜிமெயில் முகவரிக்கே வருகின்றன. அதே முகவரிக்குத்தான், உயர்தர வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து இப்போது ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவரும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே வாசலால் உள்ளே விட்டுச் சமாளிக்க முடியாது என்று கண்ட பிறகு, ஜிமெயிலில் இதற்கென்று இருக்கும் வசதிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். ஓராண்டு கழிந்துவிட்டதால் அவற்றின் நிறைகுறைகளை இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

நண்பரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தி முடிக்க வேண்டிய விடயத்துக்கு இவ்வளவு யோசனை ஏன் என்ற கேள்வி எழும். போர் முடிந்து ஊர் திரும்பிக் கொட்டில் போட்டு இருந்த காலத்தில், நான் உயிரோடு இருக்கிறேனா என்று யார் யாரிடமோ விசாரித்து, என் முகவரியைக் கண்டுபிடித்து எழுதியவர் அவர். அந்த முதற்கடிதத்தை அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத என் திரையில் ஆங்கில எழுத்துகளின் குழம்பல்தான் தெரிந்தது. பாமினி இருந்த ஒரு போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் அதை ஒட்டி, பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி வாசித்து முடித்தேன். வவுனியாவைக் கடந்து ஒரு கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, ஒருவர் தன்னைத் தேடி எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். அப்படிப்பட்ட ஒருவரின் கடிதத்தைப் பார்த்து, ‘இன்னும் ஒன்றா’ என்று நானே அலுத்துக்கொள்ளும் நாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய கடிதங்கள் பெருகின. கோயில் திருவிழாப் படங்கள், நீரிழிவுக்குக் கைமருந்து, யாரோ எழுதிய அரசியல் ஆரூடம், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று மிரட்டும் சங்கிலிக் கடிதம் என்று எல்லாமே பிறர் அனுப்பியவற்றை அவர் அப்படியே தள்ளிவிடுபவை. கனடா நேரம் நம்முடைய நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பிந்தியது. எனக்கு மத்தியானம் வந்து விழும் கடிதங்களை அவர் அங்கே பின்னிரவில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இருந்து அனுப்புகிறார் என்பதைக் கணக்குப் பார்த்தபோது, எரிச்சலோடு வேறோர் உணர்வும் சேர்ந்துகொண்டது.

ஒரு கிழமைக் கணக்கை அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். மொத்தம் 96 கடிதங்கள். அவற்றுள் அவர் தாமாக எழுதியவை 5. அந்த ஐந்தில் ஒன்று, தன் தாயாரின் ஆட்டத்திவசத்துக்கு, அதாவது ஆண்டுத் திதிக்கு, ஊர்க் கோயிலில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்விக்க முடியுமா என்று கேட்டு எழுதியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவர் அந்தத் தாயார். அந்தக் கடிதத்துக்கு மேலும் கீழும் வாழைப்பூவின் மருத்துவக் குணங்களும் ஒரு நகைச்சுவைப் படமும் இருந்தன. அதற்கு முந்திய மாசி மாதத்திலோ, ஒரு விதைநெல் உதவித் திட்டத்தின் விண்ணப்பப் படிவம் இதே நெரிசலுக்குள் அகப்பட்டுக்கொள்ள, நான் அதைக் கண்டபோது முடிவுத் திகதி கழிந்து இரண்டு நாளாகியிருந்தது. அமைப்பின் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான், நண்பர் அல்லர்.

இனி வசதிகளுக்கு வருகிறேன். ஜிமெயிலை கூகிள் 2004 ஏப்ரல் 1ஆம் திகதி அறிமுகப்படுத்தியது. மற்றைய சேவைகள் சில மெகாபைற் இடம் மட்டுமே தந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கிகாபைற் தருவதாக அறிவித்ததால், திகதியைப் பார்த்துப் பலர் அதை முட்டாள்கள் தினப் பகிடி என்றே எண்ணினார்கள். இன்று இலவசக் கணக்குக்கு 15 கிகாபைற் கிடைக்கிறது. ஆனால் கூகிள் டிரைவும் புகைப்படங்களும் அதே இடத்தைத்தான் பங்கிடுகின்றன. அழித்து அழித்து இடம் பிடிப்பதை விட, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வேண்டியதைத் தேடி எடுப்பதே அந்தச் சேவையின் அடிப்படை எண்ணம். விட்டெறியவும் மனமில்லாமல் வாசிக்கவும் நேரமில்லாமல் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்துகிறது.

முதலில் கண்ணில் படுவது ஸ்பாம், அதாவது வேண்டாத குப்பைக் கடிதம், என்று முறைப்பாடு செய்யும் பொத்தான். அதை நான் அழுத்தவில்லை. அழுத்தினால் அந்தக் கடிதத்தின் படி ஒன்று கூகிளுக்குப் போகிறது. அதே அனுப்புநரின் பிற்காலக் கடிதங்களும் ஸ்பாமுக்குள் விழக்கூடும். பணம் பறிக்க எழுதும் முகந்தெரியாத மோசடிக்காரனுக்காக வைக்கப்பட்ட பொத்தானை, அர்ச்சனைக்குச் சொல்லி எழுதும் கூட்டாளி மீது அழுத்துவது நியாயமில்லை. ஓர் அனுப்புநரைத் தடுத்து வைக்கும் புளொக் அதை விடச் சற்று மென்மையானதுபோல் தோன்றும். நாம் புளொக் செய்தது அனுப்புபவருக்குத் தெரிவிக்கப்படுவதுமில்லை. ஆயினும் அவர் அதற்குப் பின் எழுதுவதெல்லாம் ஸ்பாமுக்குள்தான் போகும்; அங்கே 30 நாள் கிடந்து தானாகவே அழிந்துவிடும். ஒரு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால் ஆட்டத்திவசக் கடிதமும் அதோடு போய்விடும். உண்மையாகவே துன்புறுத்துபவர் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் புளொக் நல்ல கருவி. அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. அன்பினால் அளவு மீறுபவரிடம் அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போடுவதற்குச் சமம்.

மியூட் என்ற வசதியின் பெயரைக் கேட்டு அதுவே எனக்கு ஏற்றது என்று நினைத்து ஏமாந்தேன். அது ஓர் ஆளை அமைதிப்படுத்துவதில்லை. ஓர் உரையாடலைத்தான் அமைதிப்படுத்துகிறது. நாற்பது பேர் ஒரே கடிதத்துக்கு ‘வாழ்த்துக்கள்’ என்று மாறி மாறிப் பதில் போடும்போது அது மிகவும் உதவும். நண்பர் அனுப்பும் ஒவ்வொன்றும் புதுத் தலைப்போடு புது உரையாடலாக வருவதால், காலையில் மூன்றை மியூட் செய்தால் மாலையில் நான்கு புதிதாக வந்து நிற்கும்.

எஞ்சியது வடிகட்டி. இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதற்கே உரியது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே தேடும் பெட்டியின் வலப்பக்கத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, கடிதத்தில் இருக்க வேண்டிய சொற்கள், இருக்கக் கூடாத சொற்கள், கடிதத்தின் அளவு என்று அதில் நிரப்பலாம். நிரப்பிய பின் வடிகட்டியை உருவாக்கும்படி சொன்னால், அந்த விவரத்துக்குப் பொருந்தும் கடிதங்களை என்ன செய்வது என்று கேட்கும். அழிக்கலாம், வாசித்ததாகக் குறிக்கலாம், இன்பொக்ஸுக்கு வராமல் நேரே ஒரு லேபிளுக்குள், அதாவது நாம் பெயர் வைத்த தனிப் பெட்டி போன்ற ஓர் இடத்துக்குள், போக விடலாம். நான் கடைசி வழியைத் தெரிந்தெடுத்து, அந்த லேபிளுக்கு ‘திண்ணை’ என்று பெயர் வைத்தேன். வந்தவர் வெளியே நிற்கவில்லை, வீட்டுக்குள்ளேயும் வரவில்லை.

அனுப்புநர் என்ற இடத்தில் அவருடைய முகவரியை மட்டும் போட்டு விட்டிருந்தால் அவர் தாமாக எழுதும் ஐந்தும் திண்ணைக்கே போயிருக்கும். ஆகவே தலைப்பில் எஃப்-டபிள்யூ-டி என்ற மூன்றெழுத்து இருப்பவற்றை மட்டும் ஒதுக்கும்படி அமைத்தேன். ஒருவர் பெற்றதை இன்னொருவருக்குத் தள்ளிவிடும்போது ஜிமெயில் அந்த மூன்றெழுத்தைத் தலைப்பின் முன்னால் சேர்க்கிறது. அவுட்லுக் இரண்டெழுத்தை மட்டும் சேர்ப்பதால் அதையும் கொடுக்க வேண்டியிருந்தது. பொருந்தும் பழைய கடிதங்களுக்கும் இதையே செய்வதா என்று கேட்கும் சிறு கட்டத்தில் சரி போட்டதும், ஆண்டுக்கணக்கில் குவிந்திருந்தவை அனைத்தும் இன்பொக்ஸிலிருந்து எழுந்து திண்ணைக்குப் போயின. களம் கூட்டியதுபோல் இருந்தது. இந்த லேபிளுக்குள் போகும் கடிதத்துக்குக் கைத்தொலைபேசி ஒலி எழுப்புவதில்லை. அதற்கு எதிராக, திணைக்களங்களும் நிறுவனங்களும் எழுதுபவற்றுக்கு ‘அமைப்பு’ என்று இன்னொரு லேபிள் வைத்து, அதற்கு மட்டும் அன்ட்ரொயிட் செயலியில் தனி ஒலி கொடுத்தேன். வரம்பு கட்டிக்கொண்டு நிற்கும்போது சத்தம் கேட்டால் இப்போது கையைக் கழுவிவிட்டு எடுத்துப் பார்ப்பேன். முன்பு பார்ப்பதையே விட்டிருந்தேன்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. வடிகட்டியைக் கைத்தொலைபேசிச் செயலியில் உருவாக்க முடியாது. கணினியில் ஒரு தடவை உருவாக்கிவிட்டால், வடிகட்டும் வேலை கூகிளின் பக்கத்திலேயே நடப்பதால் கைத்தொலைபேசியிலும் பலன் தெரியும். ஆனால் அந்த ஒரு தடவைக்குக் கணினி வேண்டும். எங்கள் கிராமத்தில் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கைத்தொலைபேசியில்தான் வைத்திருக்கிறார்கள். மடிக்கணினி உள்ள வீடு என்றால் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை உள்ள வீடு. அதுவும் பிள்ளை லீவில் வந்திருக்கும் நாட்களில் மட்டும். கைத்தொலைபேசியின் உலாவியில் கணினிப் பக்கத்தை வரவழைத்தும் செய்யலாம். நான் செய்து பார்த்தேன். கடுகளவு எழுத்துகளை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, தவறான கட்டத்தில் இரண்டு முறை சரி போட்டு, கடைசியில் மருமகளின் மடிக்கணினியில்தான் முடித்தேன். கடைக் கணினியில் செய்பவர்கள் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டோமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டி எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது. வைகாசியில் ஒரு நாள் நண்பர் தொலைபேசி எடுத்தார். “மகளின்ர காட் பாத்தனியே மச்சான்?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தும் வாய் முந்திக்கொண்டு, “ஓம், பாத்தனான், நல்ல வடிவு” என்றது. தொலைபேசியை வைத்தவுடன் திண்ணையைத் திறந்து தேடினேன். மகளின் திருமண அழைப்பிதழ், ஒன்பது நாட்களாக, ஒரு சோதிடக் கடிதத்துக்கும் ஒரு சமையற் குறிப்புக்கும் இடையில் கிடந்தது. அச்சகத்திலிருந்து தனக்கு வந்ததை அவர் அப்படியே எல்லோருக்கும் தள்ளிவிட்டிருந்ததால் அதன் தலைப்பிலும் அந்த மூன்றெழுத்து இருந்தது. வடிகட்டி தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அழைப்பிதழுக்கு மேலே, எனக்காக அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: “மச்சான், நீ வரேலாது எண்டு தெரியும், எண்டாலும் முதல் காட் உனக்கு.”

அந்த வரியில்தான் திருத்தமும் இருந்தது. அவர் தம் கையால் எனக்கு எழுதும் எதுவும் ‘மச்சான்’ என்று தொடங்காமல் இருந்ததில்லை. ஆகவே வடிகட்டியைத் திருத்தி, இருக்கக் கூடாத சொற்கள் என்ற கட்டத்தில் ‘மச்சான்’ என்று தமிழிலேயே போட்டேன். தள்ளிவிட்ட கடிதமாக இருந்தாலும் அந்தச் சொல் அதில் இருந்தால் இப்போது நேரே இன்பொக்ஸுக்கு வந்துவிடும். நண்பர் பல ஆண்டுகளுக்கு முன்பே பாமினியை விட்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட்டுக்கு மாறிவிட்டது என் அதிர்ஷ்டம். பாமினியில் எழுதியிருந்தால் ஜிமெயிலுக்கு அது தமிழ்ச் சொல்லாகவே தெரிந்திராது. யாரோ எழுதிய நகைச்சுவைத் துணுக்கில் இரண்டு மச்சான்மார் பேசிக்கொண்டால் அதுவும் உள்ளே வந்துவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தானாகப் பதில் அனுப்பும் வசதிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விடுமுறைப் பதில் என்பது எழுதும் எல்லோருக்கும் போகும். ஒரே ஆள் எத்தனை கடிதம் எழுதினாலும் நான்கு நாட்களுக்கு ஒரு தடவைக்கு மேல் அது போகாது என்பது நல்ல ஏற்பாடு. இருந்தும் நான் விடுமுறையில் இல்லை, வயலில் நிற்கிறேன். மற்றையது, முன்கூட்டி எழுதி வைத்த மாதிரிக் கடிதம் ஒன்றை வடிகட்டியே அனுப்புவது. ‘உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி’ என்று ஒரு இயந்திரம் நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவருக்கு நாளுக்குப் பன்னிரண்டு தடவை சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அதை விடப் பேசாமல் இருப்பது மரியாதை.

ஆனால் பேசாமல் இருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வடிகட்டியின் வேலை அனுப்புபவருக்குத் தெரியாது என்பதைத்தான் அதன் சிறப்பாக எல்லோரும் சொல்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்தேன் என்று நான் சொன்ன பொய் அந்தச் சிறப்பிலிருந்து பிறந்ததுதான். ஆகவே அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். எழுதி அழித்து, மூன்றாம் நாள் இப்படி முடித்தேன்:

“மச்சான், உன்ர மகளின் அழைப்பிதழை நான் ஒன்பது நாள் பிந்தித்தான் பார்த்தேன். தொலைபேசியில் பார்த்ததாகச் சொன்னது பொய், மன்னித்துக்கொள். பிறர் உனக்கு அனுப்புவதை நீ எனக்கு அனுப்பும் கடிதங்கள் நாளுக்குப் பத்துக்கு மேல் வருவதால் அமைப்பின் கடிதங்கள் அவற்றுள் மறைந்துவிடுகின்றன. விதைநெல் விண்ணப்பம் ஒன்றை அப்படித் தவறவிட்டேன். அதனால் அவற்றை வேறொரு பெட்டிக்குப் போக விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து பார்ப்பேன். எல்லாவற்றையும் வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன். நீ எனக்கென்று எழுதுவது நேரே என்னிடம் வரும். கிழமைக்கு ஒன்றாவது எழுது.”

இதில் ஜிமெயிலின் இரண்டு சிறு வசதிகள் உதவின. 2019 முதல் ஒரு கடிதத்தைக் குறித்த நேரத்தில் போகும்படி வைத்துவிட முடிகிறது. ரொறன்ரோவில் விடிந்து, அவர் தேநீர் குடித்து முடித்திருக்கும் நேரமாகப் பார்த்து வைத்தேன். உறக்கமில்லாத பின்னிரவில் தனியே இருந்து வாசிக்கக்கூடிய கடிதமல்ல அது. மற்றது, அனுப்பியதைத் திருப்பி எடுக்கும் வசதி. அதற்கான நேரத்தைக் கூடியது 30 வினாடி வரை வைக்கலாம். ‘தொல்லை’ என்ற சொல்லை ஒரு தடவை அப்படித்தான் திருப்பி எடுத்து நீக்கினேன்.

நான்கு நாள் ஒரு கடிதமும் வரவில்லை. திண்ணையும் வெறுமையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் வந்த கடிதத்தில் இரண்டு வரிதான்: “சரியடா மச்சான். உங்கை இப்பவும் மொட்டைக்கறுப்பன் விதைக்கிறவையோ?” எங்கள் பழைய நெல்லினத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு நான் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். அதன் பின் தள்ளிவிடும் கடிதங்கள் நாளுக்கு நாலைந்தாகக் குறைந்தன; அடியோடு நிற்கவில்லை, நிற்கும் என்று எதிர்பார்க்கவுமில்லை. அறுபது பேரின் முகவரிகளையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி போட்டு அனுப்பும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லி, பெறுநர்கள் ஒருவரையொருவர் காணாதபடி அனுப்பும் மறைபடிக் கட்டத்தைக் காட்டிக் கொடுத்தேன். ஒருவருடைய முகவரியை அவருடைய சம்மதமில்லாமல் ஐம்பத்தொன்பது பேருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் வடிகட்டி எதுவும் நம் பக்கத்தில் இல்லை. அது அனுப்புபவர் கையில்தான் இருக்கிறது.

இடப் பிரச்சினைக்கு ஒரு வழி: தேடும் பெட்டியில் அனுப்புநரையும் ஐந்து மெகாபைற்றுக்கு மேற்பட்ட அளவையும் கொடுத்துத் தேடினால் திருவிழாக் காணொளிகள் வரிசையாக வரும். அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருப்பதால் அவசரத்தில் அழித்ததை மீட்கவும் முடியும். கணக்கின் இடம் முற்றாக நிரம்பினால் புதிய கடிதங்கள் வந்து சேரா என்பதை நினைவில் வைத்து, போகத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்கிறேன்.

ஐந்து புள்ளிக்கு வடிகட்டிக்கு நான்கு கொடுப்பேன். கழித்த ஒரு புள்ளி முழுவதும் கைத்தொலைபேசியில் அதை உருவாக்க முடியாமைக்காக. புளொக்குக்கும் மியூட்டுக்கும் புள்ளி போடுவது நியாயமில்லை. அவை வேறு வேலைக்கான கருவிகள்.

சென்ற மாதம் நண்பர் புதிதாக இன்னொரு முகவரி எடுத்தார்; ஒரே நாளில் பதினேழு கடிதங்கள் இன்பொக்ஸுக்குள் வந்து நின்றன. வடிகட்டியைத் திருத்தி, இரண்டு முகவரிகளுக்கும் இடையில் ‘அல்லது’ என்று பொருள்படும் இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டதும் அவையும் திண்ணைக்குப் போயின. பதினெட்டாவது மட்டும் போகவில்லை. அதில் ‘மச்சான்’ இருந்தது. இவ்வளவு காலமும் படங்களின் தெளிவு குறைகிறது என்று வாட்ஸப் பக்கமே போகாதிருந்தவருக்கு, மகள் ஒரு புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்து அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். என்னுடைய எண்ணிலும் வாட்ஸப் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் இன்னும் பதில் எழுதவில்லை.